ஒன்பது மணிக்கு விளக்கணைத்த சிங்கப்பூர்

சிங்கப்பூரில் இரவு வாழ்க்கை என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவர என்னை இரண்டு பேர் அனுப்பினார்கள். ஒருத்தி என் மனைவி. இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி. இன்னொருத்தி என் மகள் ரெஜினா. இருந்தே தீர வேண்டும் என்பது அவள் கட்சி. ஒருத்தி சமையலறையிலும் மற்றவள் மொட்டைமாடியிலுமாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்னைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார்கள்.

"ராத்திரியில ஆட்டம் பாட்டம்னு திரியற ஊருக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன். பகல்ல எல்லா ஊரும் யோக்கியமாத்தான் இருக்கும். நீங்க ராத்திரி பாத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

"இருபத்திரண்டு வருஷமா ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துட்டிருக்கேன்பா. போற ஊராவது ஏழு மணிக்கு மேல முழிச்சிருக்கணும். அதுவும் தூங்கற ஊர்னா எனக்கு வேண்டாம்" என்றாள் மகள்.

விஷயம் கல்யாணம். மாப்பிள்ளை லாரன்ஸுக்கு ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வரைபடம் போடும் வேலை. போட்டோ வந்து, எங்கள் போட்டோ போய், இரண்டு தரப்பும் திருப்தி. எனக்குத் தெரிந்து பையனுக்கும் பெண்ணுக்கும் இடையே இரண்டு கடிதங்களும் பரிமாறப்பட்டிருந்தன. மிச்சமிருந்தது ஓலைதான். எங்கள் கிறிஸ்தவக் கல்யாணங்களில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். வாசித்த பிறகு பின்வாங்கினால் பங்கு என்கிற எங்கள் கோவில் வட்டாரம் முழுவதற்கும் ஆயுசு பூராவும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் வாசிப்பதற்கு முன் பெண்ணைப் பெற்றவன் நேரில் போய்ப் பையனையும் வீட்டையும் ஊரையும் பார்த்து வாக்குக் கொடுக்க வேண்டும். ஞாயிறு இரவுக்குள் நான் சம்மதம் சொன்னால் ஓலை வாசிக்கலாம் என்று அங்கேயுள்ள சாமியார் எங்கள் சாமியாருக்குக் கடிதம் தருவார். திங்கட்கிழமை எனக்கு விமானம்.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் திருச்சி மாவட்டத்திலேயே கிடையாது. கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறேன். வாரப் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறேன். முதலாவதைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பார்கள், இரண்டாவதைப் படித்து யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. இரவு ஒன்பது அடித்தால் எனக்குக் கண் சொருகிவிடும்.

புதன்கிழமை மாலை லாரன்ஸின் அப்பா சூசைராஜ் விமான நிலையத்துக்கே வந்திருந்தார். "சார், உங்க கட்டுரை ஒண்ணு விடாமப் படிக்கிறேன் சார். சிராங்கூன் ரோட்டுக் கடைக்கு ஒரு மாசம் லேட்டா வரும், ஆனா வந்திரும்" என்றார். வெளிநாட்டில் ஒரு வாசகர்! நான் உருகிவிட்டேன். உருகாமல் அப்போதே நாலு கேள்வி கேட்டிருந்தால் அடுத்த நாலு ராத்திரி தூங்கியிருப்பேன்.

வீடு தெம்பனிஸில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் நாலாவது மாடியில். பாதி ஊர் கட்டி முடிந்திருந்தது. மீதி ஊர் செம்மண்ணும் கிரேனுமாக நின்றது. ஏழு மணிக்குச் சாப்பாடு போட்டார்கள். லாரன்ஸின் அம்மா மரியம்மாள் வைத்த மீன்தலைக் கறியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒன்பது அடித்ததும் சூசைராஜ் எழுந்து, ஏதோ சடங்கு செய்வதுபோல ஒவ்வொரு விளக்காக அணைத்தார். "நம்ம வீட்ல ஒன்பதுக்கு மேல விளக்கு எரியாது சார்" என்றார் இருட்டுக்குள்ளிருந்து.

மனைவிக்குப் பரம திருப்தியான வீடு. அப்படியானால் ரெஜினாவிடம் என்ன சொல்வது? அந்தக் கவலையிலேயே தூக்கம் போய்விட்டது. என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பத்து மணியைக் கண் திறந்தபடி பார்த்தேன். ஜன்னல் வழியே எதிர் அடுக்கில் நூறு வீடுகளிலும் விளக்கு எரிந்தது. இந்த ஒரு வீடு மட்டும் இருட்டு.

வியாழன் இரவு ஜன்னலில் நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். எங்கள் அடுக்குக்கு நேர் கீழே ஒரு காப்பிக்கடை. குழல்விளக்கு வெளிச்சத்தில் வட்ட மேஜையைச் சுற்றி என் வருங்காலச் சம்பந்தி, சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை மூன்று பேரும் உட்கார்ந்து மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைத் தூங்க வைத்துவிட்டுக் கள்ளத்தனமாக! மரியம்மாள் ஒருமுறை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெண்ணைப் பெற்றவன் ஒளிய வேண்டிய கட்டாயம் என்ன என்று பிறகு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

நூடுல்ஸைப் போய் மறைக்கிறவர்கள் வேறு எதையெல்லாம் மறைக்க மாட்டார்கள்?

வெள்ளிக்கிழமை விசாரணையில் இறங்கினேன். பையனைப் பற்றி விசாரிக்க நம் ஊரில் மூன்று இடங்கள் உண்டு: பால்காரர், பக்கத்து வீடு, சலூன். சிங்கப்பூரில் பால் டப்பாவில் வருகிறது. பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி, எனக்கும் அவருக்கும் புன்னகை ஒன்றுதான் பொது மொழி. ஆகவே சிராங்கூன் ரோட்டுக்குப் போய், மல்லிகைச் சரமும் மசாலா நெடியும் தாண்டி, ஒரு சந்தில் தமிழர் சலூனைக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். வழியில் தின்ற வாழைப்பழத்தின் தோல் சட்டைப் பையிலேயே இருந்தது. குப்பை போட்டால் அபராதம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் குப்பைத்தொட்டியைக்கூட நம்பத் தைரியமில்லை.

"தெம்பனிஸ் சூசைராஜ் மகன் லாரன்ஸைத் தெரியுமா?" என்றேன் பட்டும் படாமலும்.

முடிவெட்டுகிறவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பொண்ணு வீடா அண்ணே?"

"இன்ஷூரன்ஸ்."

"இன்ஷூரன்ஸ்காரங்க வேட்டி கட்டிக்கிட்டு வந்து பையனப் பத்தி விசாரிக்க மாட்டாங்க அண்ணே. தலையை ஆட்டாதீங்க."

"பையன் ராத்திரியில எப்படி? வெளியில சுத்துவாரா?"

"ராத்திரியா? ராத்திரி விஷயத்துல தங்கம் லா. நான் கேரண்டி."

'லா' இந்த ஊர்ப் பேச்சுக்கு வால், அதை விட்டுவிடலாம். 'ராத்திரி' என்ற சொல்லில்தான் ஓர் அழுத்தம் இருந்தது. "அப்போ பகல்ல?" என்றேன்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "பகல்ல மனுஷன் ஏதாச்சும் செய்யத்தானே அண்ணே வேணும்?" என்று சொல்லிவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் குழப்பத்தோடு பஸ் ஏறினேன். திசை மாறி ஏறியதே எனக்குத் தெரியாது. இங்கே கண்டக்டர் இல்லை. காசைப் பெட்டியில் போட வேண்டும், இறங்க வேண்டுமானால் மணியை நாமே அடிக்க வேண்டும். திருச்சியில் மணி அடிக்கிற உரிமை கண்டக்டரின் சொத்து. பயணி தொட்டால் வம்சத்தையே இழுப்பார். எனவே வேறு யாராவது அடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தேன். மற்றவர்கள் அடித்தார்கள், இறங்கினார்கள். வெயில் சாய்ந்து, புகைபோக்கிகள் தெரிந்து, ஏழு மணிக்கு ஜூரோங்கில் பஸ்ஸே சலித்துப்போய் நின்றது.

ஒரு தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் மாறும் நேரம். நீலச் சட்டை போட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். மலாய்க்காரத் தோழியோடு வந்த ஒரு தமிழ்ப்பெண்ணை நிறுத்தி வழி கேட்டேன்.

"பெல் அடிக்காம எப்படி அங்கிள் நிக்கும்?" என்று சிரித்துவிட்டு, தோழிக்கும் மலாயில் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தாள். பிறகு எதிர்ப்பக்க நிறுத்தம்வரை கூடவே வந்தாள்.

என் கவலை எனக்கு. "இந்த ஊர்ல நைட் லைஃப் எல்லாம் எப்படிம்மா?"

"எனக்கா? இந்த வாரம் டெய்லி நைட் லைஃப்தான் அங்கிள். ஏழு மணிக்கு ஆரம்பிச்சா காலைல ஏழு மணிக்குத்தான் விடுவாங்க."

"அதில்லம்மா. இது ஸ்டைலான ஊரா?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "சம்பளம் வந்த மறுநாள் ஸ்டைல்தான் லா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். உள்ளே சங்கு ஊதியது.

வீடு திரும்பியபோது மரியம்மாள் கதவைத் திறந்தார். "முடி வெட்டிக்கிட்டீங்களாமே? நல்லாருக்கு" என்றார். நான் வந்து சேருவதற்கு முன்பே என் தலை தெம்பனிஸ் வந்து சேர்ந்திருந்தது.

சனிக்கிழமை லாரன்ஸ் ஊர் சுற்றிக் காட்டினான். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். நகரும் படிக்கட்டில் நான் கால் வைக்கத் தயங்கியபோது கையைப் பிடிக்காமல், எனக்கு ஒரு படி கீழே வந்து நின்றுகொண்டான். விழுந்தால் அவன் மேல் விழலாம் என்ற ஏற்பாடு. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்துப்போனதே கவலையாகவும் இருந்தது.

ஆர்ச்சர்ட் ரோட்டில் கண்ணாடிக் கடைகளைப் பார்த்தபடி, ஓர் ஊரை ஸ்டைலான ஊர் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று யோசித்தேன். ராத்திரி விழித்திருப்பதை வைத்து என்றால், தூங்கா நகரம் என்று பட்டமே வாங்கிய ஊர் மதுரை. அங்கே விடிய விடிய இட்லி கிடைக்கும். அதற்காக யாராவது மதுரைக்குப் போய் வந்து, 'என்ன ஸ்டைல்!' என்று வியந்ததுண்டா? அந்தக் காலத்திலேயே அங்கே பகலுக்கு நாளங்காடி, ராத்திரிக்கு அல்லங்காடி என்று இரண்டு கடைத்தெருக்கள் இருந்தன என்று வகுப்பில் இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன். இதில் எந்தத் தெருவை அந்தக் கால இளவட்டங்கள் ஸ்டைலாக நினைத்தார்கள் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் யோசித்து வைத்திருப்பேன்.

எனக்குத் தோன்றிய ஒரே வித்தியாசம் இதுதான்: திருச்சியில் எட்டு மணிக்குமேல் ஒரு பெண் தெருவில் நடந்தால், எங்கே போகிறாள் என்று தெருவே யோசிக்கும். இங்கே அப்படி யோசிக்க யாருக்கும் நேரமில்லை. இதை மனைவியிடம் சொன்னால் பயப்படுவாள். மகளிடம் சொன்னால் உடனே பெட்டியை எடுத்துவிடுவாள்.

சாப்பாட்டின்போது நேரடியாகவே கேட்டுப் பார்த்தேன். "ராத்திரியில இங்கே எல்லாரும் என்ன பண்ணுவாங்க?"

"தூங்குவோம் சார்" என்றார் சூசைராஜ், கொஞ்சம்கூட இடைவெளி விடாமல். லாரன்ஸ் தட்டைப் பார்த்தான்.

ஞாயிறு காலை தமிழ்ப் பூசை. நம் ஊர்ப் பட்டுப்புடவைகளும், ஆங்கிலத்தில் கிசுகிசுக்கும் பிள்ளைகளும், அதே பழைய பாட்டுகளும். வெளியே வந்ததும் சாமியார் என் கையைக் குலுக்கி, "ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க, கடிதம் தயாரா இருக்கு" என்றார். அவர் நகர்ந்ததும் லாரன்ஸ் என் அருகில் வந்தான்.

"அங்கிள், இன்னிக்கு மத்தியானம் நான் வீட்ல இருக்க மாட்டேன்."

"ஓவர்டைம் சார், ஓவர்டைம்" என்று சூசைராஜ் இருமிக்கொண்டே குறுக்கே வந்தார். மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், புருவத்தை நெரித்தார், தலையை ஆட்டினார். முகத்தால் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்.

"ஓவர்டைம் இல்ல அங்கிள். அப்பா அப்படிச் சொல்லச் சொன்னார். சண்டே மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் ஆர்ச்சர்ட் ரோட்ல ஒரு டிஸ்கோவுல நான் ரெக்கார்ட் போடறேன். ஸ்கூல் பசங்க, காலேஜ் பசங்க வந்து ஆடுவாங்க. டீ டான்ஸ்னு பேரு. பீர் கிடையாது, கோக்தான். மூணு வருஷமாப் போறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். சாமியார்கிட்ட நீங்க பேசறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்."

டிஸ்கோ! நாலு ராத்திரி தூங்காமல் காவல் காத்தேன். திருட்டு மத்தியானத்தில் நடக்கிறது.

சூசைராஜ் நொறுங்கிப்போனார். "நீங்கதானே சார் எழுதியிருந்தீங்க" என்றார் அழாத குறையாக. "ஒன்பது மணிக்கு மேல விளக்கெரியற வீட்ல பொண்ணு குடுக்காதேன்னு. அந்தப் பக்கத்தை வெட்டி வச்சிருக்கேன் சார். அதான் விளக்கு விஷயத்துல அவ்வளவு கண்டிஷனா இருந்தோம். டிஸ்கோன்னு தெரிஞ்சா நீங்க அடுத்த பிளேன்லயே போயிடுவீங்கன்னு பயந்தோம்."

நினைவுக்கு வந்தது. மின்கட்டணம் ஏறிய ஒரு மாதத்தில் கடுப்பில் எழுதிய வேடிக்கைக் கட்டுரை அது. பத்து வருடமாக எழுதுகிறேன். என் எழுத்தைப் படித்து அதன்படி நடந்த ஒரே குடும்பம் இதுதான். அவர்களையும் எனக்குப் பயந்து திருட்டுத்தனமாக நூடுல்ஸ் சாப்பிட வைத்துவிட்டேன்.

"நானும் வரேன்" என்றேன் லாரன்ஸிடம். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

வெளியே மூன்று மணி வெயில் கொளுத்தியது. கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனால் நள்ளிரவு. மேலே ஒரு கண்ணாடி உருண்டை சுற்றி, சுவரெல்லாம் வெளிச்சப் பொட்டுகளை இறைத்தது. நெஞ்சுக்குள் திம் திம் என்று இடித்தது. எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. இடிப்பது அதுவா பாட்டா என்று தெரியாமல் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

என் வேட்டியைப் பார்த்ததும் ஆட்டத்தில் ஒரு குழப்பம். நாலைந்து பிள்ளைகள் கழிவறைக்குள் பாய்ந்தார்கள். ஒரு சிறுமி அருகில் வந்து, "அங்கிள், யாரைத் தேடறீங்க? சொல்லுங்க, நானே வெளிய கூட்டிட்டு வரேன். சத்தம் மட்டும் போடாதீங்க" என்றாள். யாருடைய அப்பாவோ மகளை இழுத்துப்போக வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அப்பா முகம் வந்துவிடுகிறது போலும். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு சின்ன ஸ்டூலில், கோக்கைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தேன்.

மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் லாரன்ஸ். ஒரு காதில் மட்டும் ஹெட்போன் குமிழை வைத்து, அடுத்த இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். கப்பல் படம் போடுகிற அதே கவனம். பெண்கள் வந்து கூண்டின்மேல் சாய்ந்து, இந்தப் பாட்டைப் போடு என்று கேட்டார்கள். நான் ஸ்டூல் நுனிக்கு வந்தேன். அவன் காகிதத்தில் குறித்துக்கொண்டு தலையாட்டினான், அவ்வளவுதான். பாட்டுக்குப் பாட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு பெண் இரண்டு தடவை வந்தாள். அவளைக் குறிப்பாகப் பார்த்து வைத்தேன். மூன்றாவது தடவை அவள் வரவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

ஆறு மணிக்கு லாரன்ஸ் விளக்குகளைப் போட்டுத் திரையை விலக்கினான். ராத்திரி முடிந்து சாயங்காலம் வந்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கி, உதட்டுச் சாயத்தைத் துடைத்து, தலைசீவி, பள்ளிக்கூடம் விட்டவர்கள்போல வரிசையாக பஸ்ஸுக்குப் போனார்கள். இரவு வாழ்க்கை வேண்டுமென்றால் இந்த ஊர் ராத்திரிக்காகக் காத்திருப்பதில்லை, திரை போட்டு மத்தியானத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. இதை மனைவிக்கு எந்தப் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

எட்டு மணிக்கு டிரங்க் கால் கிடைத்தது. திருச்சியில் எதிர்வீட்டு டாக்டர் வீட்டில் இருவரும் காத்திருந்தார்கள். முதலில் மனைவி.

"ஏங்க, ராத்திரி எல்லாம் எப்படி?"

"ஒன்பது மணிக்கு விளக்கணைச்சிடறாங்க."

"ஆண்டவரே, நன்றி" என்றாள். மீதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் ரெஜினா கைக்குப் போய்விட்டது.

"அப்பா, இன்னிக்கு மத்தியானம் எங்க போனீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"அந்த மத்தியான விஷயத்தை அவர் முதல் லெட்டர்லயே எழுதிட்டார்பா. அம்மா பக்கத்துல இருக்காங்க, பேரைச் சொல்ல முடியாது. உங்ககிட்ட யார் சொன்னது? நீங்களா கண்டுபிடிச்சீங்களா, அவங்க அப்பா சொன்னாரா, அவரா?"

"அவர்தான்மா."

"கேட்டதுக்கப்புறமா, கேக்காமலா?"

"கேக்காமத்தான். அவங்க அப்பா கண்ணைக் காட்டிக் காட்டித் தடுத்தார். அதையும் மீறி, கோவில் வாசல்லயே."

இணைப்புப் போய்விட்டதோ என்று 'ஹலோ, ஹலோ' என்றேன்.

"இருக்கேம்பா. அப்போ சாமியார்கிட்ட ஓலைக்குப் பேரைக் குடுத்துடுங்க."

"ஏம்மா, ஊர் எப்படின்னு பாத்துட்டு வரச் சொன்னியே? அஞ்சு நாளா அதுக்குத்தானே நான் தூங்காம..."

"ஊரை நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சூசைராஜ் தலைகீழாகப் பிடித்த பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். மரியம்மாள் முந்தானையால் துடைத்த டம்ளரையே மறுபடியும் துடைத்தார். லாரன்ஸ் மட்டும் நேராக என் முகத்தைப் பார்த்தபடி கதவோரம் நின்றான்.

"செருப்பை மாட்டுங்க மாப்பிள்ளை. சாமியார் படுத்துடப் போறார்" என்றேன்.